நிமிர்ந்து நடந்த குற்றம்

எடைக்கல் என்றால் அந்தப் பகுதியில் தெரியாதவர்கள் கிடையாது. எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டை அவசரமாகத் துடைத்து வைப்பார்கள். தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகுத் துண்டுகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. அப்படி வந்த பட்டப்பெயர் அது. எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். மனிதர் நிற்பதும் எடைக்கல் மாதிரியேதான்: வைத்த இடத்தில், நேராக, எதன் மீதும் சாயாமல்.

அப்பேர்ப்பட்டவரைக் காயத்தைப் பெரிதுபடுத்திப் பணம் பறிக்கப் பார்க்கும் மோசடிக்காரர் என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. இதில் பெரிய வேடிக்கை, அதற்கான ஆதாரத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் தயாரித்துக் கொடுத்தவரும் அவரேதான்.

ஆரம்பம் ஒரு பல்பொருள் அங்காடியில். பாத்திரம் கழுவும் திரவப் புட்டி ஒன்று உடைந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. யாரும் துடைக்கவில்லை, எச்சரிக்கைப் பலகையும் வைக்கவில்லை. எடைக்கல் வழுக்கி, முதுகு அடிபட விழுந்தார். முதுகெலும்பில் கீறல், நரம்பில் அழுத்தம், வலது கால் பாதி நேரம் மரத்துப்போய்க் கிடக்கும் என்றார் மருத்துவர். அதைக்கூட அவர் மன்னித்திருப்பார். மன்னிக்க முடியாதது, தரையில் கிடக்கும்போது காதில் விழுந்த கடை மேலாளரின் பேச்சு.

"வயசானவர், தலை சுத்தி விழுந்துட்டார். யாராவது தண்ணி குடுங்க."

தனக்கா தலை சுற்றியது? கடையும் பிறகு அதையே எழுத்தில் சொன்னது. எடைக்கல் வழக்குப் போட்டார். கடைக்காகப் பதில் சொல்ல அதன் காப்பீட்டு நிறுவனம் வந்து நின்றது. தான் தள்ளாதவன் இல்லை என்று நிரூபிக்கப் போட்ட வழக்கில் தான் தள்ளாதவன் என்று நிரூபித்தால்தான் ஜெயிக்க முடியும் என்பது அவருக்கு வக்கீலின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சோதித்தவர், இதைப் போட்டுப் பார்க்க மறந்துவிட்டார்.

வக்கீலம்மா அவருடன் வேலை பார்த்த ஒருவரின் மருமகள். மனுவைப் படித்துக் காட்டினாள். பிறர் துணையின்றி நடமாட இயலாத நிலையில் இருக்கிறார் என்று ஓரிடத்தில் வந்தது.

"இதை எடுத்துடும்மா," என்றார்.

"ஏன் ஐயா, பொய்யா?"

"பொய் இல்ல. அதுக்காக எழுதணுமா?"

"எழுதலைன்னா நஷ்டஈடு எதுக்குன்னு கேப்பாங்களே."

"நான் விழுந்தது என் தப்பு இல்லைன்னு எழுது. அடிபட்டதைப் பத்தி எழுதாதே."

வக்கீலம்மா பேனாவை மூடினாள். "அப்போ இது வழக்கு இல்ல ஐயா. தன்னிலை விளக்கம்."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, நேராக எழுந்து, நேராக நடந்து, நேராகப் படியிறங்கினார். வக்கீலம்மாவின் குமாஸ்தா அதைப் பார்த்து, "இவருக்கா முதுகுல அடி?" என்று கேட்டான். வரப்போகிற ஆபத்தை முதலில் மோப்பம் பிடித்தவன் அவன்தான்.

எடைக்கல்லின் குடும்பத்தில் ஆண்கள் தெருவில் கையூன்றி நடந்ததில்லை. அவருடைய அப்பா நடக்கவே முடியாத கடைசி மாதத்திலும் தலை வாரி, காலணி மாட்டி, வாசல்வரை வந்து நின்று, பார்க்க வந்தவர்களை வழியனுப்பியவர். அந்த வீட்டில் நோவு என்பது கதவுக்கு உள்ளே இருக்க வேண்டிய சாமான். ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுத்த கைத்தடி அலமாரிக்குப் பின்னால் ஒட்டடை கட்டியது. இடுப்புப் பட்டையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டார். தினமும் கொஞ்சம் நடங்கள் என்று மருத்துவர் சொன்னதை, தினமும் எல்லோரும் பார்க்க நடங்கள் என்று எடுத்துக்கொண்டார். மாலையானால் தேய்த்த சட்டை, துடைத்த காலணி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருக்கோடிக் கடைவரை போய், பத்திரிகை வாங்கிக்கொண்டு திரும்புவார். அணிவகுப்பு பார்க்க வந்த தலைவர்கூட அந்த நடையிடம் தோற்றுப்போவார்.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் கதை மாறும். முதலில், "திரையை இழு," என்பார். மனைவி ஜன்னல் திரையை இழுப்பாள். அதன்பிறகுதான் முதுகுக்கு அனுமதி. சுவரைப் பிடித்து அப்படியே சரிவார். மகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கம்ப்யூட்டர் நாற்காலி கதவுக்குப் பின்னால் தயாராக நிற்கும். அதற்குச் சக்கரம் இருந்தது தற்செயல் என்பது எடைக்கல்லின் கட்சி. மனைவி அவரை அதில் சாய்த்து, இடுப்பால் ஒரு முட்டுக் கொடுத்துப் படுக்கையறைக்குத் தள்ளுவாள்.

"காலைத் தூக்கிக்கிட்டு உக்காருங்க. தரையில தேயுது."

"சத்தம் போடாதே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"நாற்காலிதான் கத்துது, நான் இல்ல. அதுக்கு எண்ணெய் போடுங்க, இல்ல அதையும் மிரட்டி வைங்க."

காலணியைக் கழற்றுவது, காலுறையை உருவுவது, படுக்கையில் புரட்டிப் போடுவது எல்லாம் அவள்தான். இப்படி வருடம் ஒன்று கழிந்தது.

அப்போது தெருவில் ஒரு சாம்பல் நிறக் கார் நிற்க ஆரம்பித்தது. உள்ளே தொந்தியும் தொப்பியுமாக ஒருவர். வாடகைக்கு வீடு தேடுகிற ஆள் என்று எடைக்கல் முடிவு கட்டினார். நல்ல தெருவா என்று நோட்டம் விடுகிறார் போலும், நம்மைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும் என்று இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். ஒருநாள் மாலை அந்தத் தொப்பிக்காரர் காரின் முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, வண்டி கிளம்ப மாட்டேங்குது. தள்ளிவிட இந்தத் தெருவுல ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

எடைக்கல் நின்றார். "அப்போ நான் யாரு?"

"ஐயோ, உங்களைச் சொல்லலைங்க. உங்க வயசுக்கு இதெல்லாம்..."

"நீ போய் ஸ்டீரிங்கைப் பிடி."

இரண்டு கைகளையும் காரின் பின்பக்கம் பதித்துத் தள்ளினார். முதல் தள்ளலில் கண்ணுக்குள் மின்னல் அடித்தது. இரண்டாவது தள்ளலில் வண்டி நகர்ந்தது. பழுதான வண்டிக்குப் பொருந்தாத உற்சாகத்தோடு அது உடனே உறுமிக் கிளம்பியது. எடைக்கல் கையைக்கூட அசைத்து வழியனுப்பினார். பிறகு எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. திரையை இழு என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. மருத்துவர் வீட்டுக்கு வந்து ஊசி போட்டார். "படுக்கையில கொஞ்சம் தப்பாப் புரண்டுட்டேன்," என்றார் எடைக்கல். மனைவியிடமும் அதையேதான் சொன்னார். பல வாரங்கள் அவர் தெருவுக்கு வரவில்லை.

மறுதரப்பின் பதில் வந்த அன்று வக்கீலம்மா இருவரையும் கூப்பிட்டு, மேசைமேல் இருந்த கணினியைத் திருப்பி வைத்தாள். காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் அந்தச் சாம்பல் நிறக் காரிலிருந்து நாள் நாளாக எடுத்த படம். எடைக்கல் வருகிறார், எடைக்கல் போகிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் திரைகளை மூடிவிடுகிறார், மறைக்க ஏதோ இருக்கிறது என்று கீழே குறிப்பு வேறு.

உண்மையைச் சொன்னால், முதலில் அவருக்கு வந்தது பயம் இல்லை. நடை பிரமாதமாக இருந்தது. பின்பக்கத்திலிருந்து அவர் தன்னைப் பார்த்ததே கிடையாது. அப்பாவேதான். அதில் ஒரு கணம் லயித்துப் போனார்.

பிறகு கார் வந்தது.

"என்னங்க," என்றாள் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது யாரு?"

எடைக்கல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

"படுக்கையில புரண்டேன்னீங்களே. இவ்வளவு பெரிய படுக்கையா?"

வக்கீலம்மா கணினியை மூடினாள். நீதிபதி இதை நம்பிவிட்டால் வழக்குத் தோற்பதோடு நிற்காது, மோசடி என்று போலீசில் புகார் போகும் என்றாள். ஜெயிலுக்கெல்லாம் அனுப்ப மாட்டார்கள், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை நிற்கும் என்றாள். எடைக்கல்லுக்கு ஜெயில் சின்னதாகத் தெரிந்தது. பொய் எடை வைத்தவர்களின் கடைவாசலில் நின்று ஊர் கேட்க அவர் சொன்ன வார்த்தை அல்லவா அது.

செய்தி கேட்டு மைத்துனன் பழத்தோடு வந்தான். மனைவியின் தம்பி. ஒரு மழைக்காலத்தில் தன் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது, விற்காமல் கிடந்த பழைய சரக்கையெல்லாம் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டுக் காப்பீடு கேட்டவன். அது தெரிந்த நாளிலிருந்து எடைக்கல் அவன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. இப்போது அவன் வந்து, அருகில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், மனசை விட்டுடாதீங்க. இதுல எனக்கு அனுபவம் இருக்கு."

எடைக்கல் கையை உருவிக்கொண்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அழகா நொண்டக் கத்துக் குடுத்திருப்பேனே."

"நான் பொய் சொல்லலை."

"எனக்குத் தெரியாதா அத்தான்? மாட்டினவங்க எல்லாரும் அதைத்தான் சொல்வோம்."

அவன் போனபிறகு மனைவி பழத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நான் கோர்ட்டுக்கு வந்து சொல்றேன். இங்க நடக்கிறதை."

"வீட்டுக்குள்ள நடக்கிறது வீட்டுக்குள்ள இருக்கட்டும்."

"அப்போ தெருவுல நடந்ததுதான் நிஜம்னு ஆயிடும்."

"ஆகட்டும்."

"உங்களுக்கு ஆகட்டும். நான் மோசடிக்காரர் பொண்டாட்டியா எப்படி இருக்கறது? எனக்குப் பழக்கம் இல்லையே."

சாட்சிகள் வரிசையில் அவள் பெயரைச் சேர்க்க அவர் விடவில்லை.

விசாரணை நாளில் கூடம் நிறைந்திருந்தது. பாதிப்பேர் கடைக்காரர்கள். எடைக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்க்கும் நாள் என்று கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். மைத்துனன் முன்வரிசையில். அங்காடி மேலாளரும் தொப்பிக்காரரும் ஓரத்தில். மறுதரப்பு வக்கீல் குரல் உயர்த்தாத மனிதர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் 'ஐயா' போடுவார்.

படம் ஓடியது.

"இது நீங்கதானே ஐயா?"

"நான்தான்."

"நல்லா நடக்கிறீங்க ஐயா."

"எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் நடப்போம்," என்று வாயிலிருந்து வந்துவிட்டது. வக்கீலம்மா நெற்றியில் கை வைத்தாள்.

"காரைத் தள்ளினதும் நீங்கதான். யாரும் உங்களை வற்புறுத்தலையே ஐயா?"

"ஆம்பளை இருக்காங்களான்னு கேட்டார்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். பிறகு எடைக்கல்லைப் பார்த்து, கோபமில்லாமல்தான் கேட்டார். "மனுவுல துணையில்லாம நடக்க முடியாதுன்னு இருக்கு. படத்துல இப்படி இருக்கு. வீட்ல எப்படி நடப்பீங்களோ, அதே மாதிரி அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டுங்களேன்."

இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது. எடைக்கல்லும் முழுமனதாக முயன்றார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கூண்டிலிருந்து இறங்கினார். குனி என்று முதுகுக்கு உத்தரவு போட்டார். உத்தரவு இடுப்புவரை போய், கடைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டது. கைகள் கேட்காமலேயே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. கூடத்தின் நடுவே, தெருவில் நடப்பதைவிட ஒரு பங்கு அதிக மிடுக்கோடு நடந்தார். காதோரம் வியர்வை வழிந்து சட்டைக்குள் இறங்கியது. மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான்.

சுவர் வந்துவிட்டது.

"நல்லது ஐயா. திரும்பி வரலாம்," என்றார் மறுதரப்பு வக்கீல், மகள் கல்யாணம் நிச்சயமான முகத்தோடு.

திரும்ப முடியவில்லை. நேராகப் போவதை வீம்பு பார்த்துக்கொள்ளும். திரும்புவதற்கு இடுப்பு வேண்டும். வலது கால் செத்துப்போயிருந்தது. சுவரைப் பார்த்தபடியே நின்றார். வெள்ளைப் பூச்சு ஓரிடத்தில் பொரிந்து, உள்ளே பழைய பச்சை தெரிந்தது. பின்னால் கூடம் காத்திருந்தது. விழுந்தால் நடிப்பு என்பார்கள். நின்றால் மோசடி என்பார்கள். விறைத்துக்கொண்டு நின்றதிலேயே ஒரு மனிதன் இப்படி வசமாகச் சிக்க முடியுமா என்று தன்மேலேயே ஓர் எரிச்சலும், கூடவே அடக்கமுடியாத ஒரு சிரிப்பும் வந்தன. முகத்தை யாரும் பார்க்காதது வசதியாக இருந்தது. சுவரிடம் சொல்வது மனிதர்களிடம் சொல்வதைவிட எளிதாக இருந்தது.

"என் சம்சாரத்தைக் கேளுங்க," என்றார். "வீட்ல நடக்கிறது அவளுக்குத்தான் தெரியும்."

சாட்சிகள் வரிசையில் பெயர் இல்லாதவள் என்று மறுதரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி அனுமதித்தார். மனைவி கூண்டில் ஏறினாள். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கூண்டில் ஏறியது அதுதான் முதல் தடவை. எடைக்கல் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

அவள் ஒன்றையும் விடவில்லை. திரை, நாற்காலி, காலுறை, தலையணையைக் கடித்துக்கொண்டு முனகுவது எல்லாம் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு துணி போலக் கழன்று விழுவதை எடைக்கல் முதுகால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்கு நாற்காலி போடலாமா?" என்றார் நீதிபதி.

"போட்டா உக்காருவார். நீங்கல்லாம் வேற பக்கம் பாத்தீங்கன்னா."

மறுதரப்பு வக்கீல் சுவரை நோக்கித் திரும்பினார். மனிதர் கெட்டிக்காரர். எடைக்கல்லின் வீம்பை நம்பி ஒரு கேள்வி போட்டார். "ஐயா, உங்களைப் பார்த்தா கௌரவமானவராத் தெரியுது. பொம்பளை தள்ள, குழந்தை மாதிரி நாற்காலியில போறவர்னு உங்க மனைவி சொல்றாங்க. இதை நீங்க ஒத்துக்கறீங்களா?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்ததும் உண்மை.

"அவ குறைச்சுச் சொல்றா," என்றார் எடைக்கல் சுவரிடம். "குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். அது அவளுக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் மனைவி கூண்டிலிருந்து. "தினமும் தொட்டி காலியானா தெரியாதா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தட்டச்சு செய்யும் பெண் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். அதற்கும் சக்கரம் இருந்தது. மனைவி இறங்கி வந்து, அதை அவர் பின்னால் சேர்த்து, தோளைப் பிடித்துச் சாய்த்து உட்காரவைத்தாள். கூடத்தில் ஒருவரும் வேறு பக்கம் பார்க்கவில்லை. இருந்தும் அவர் உட்கார்ந்தார். "காலைத் தூக்கிக்கோங்க," என்று அவள் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு இடுப்பால் ஒரு முட்டுக் கொடுத்தாள். எடைக்கல் நீதிமன்றத்தின் நடுவே உருண்டு வந்தார். அதை யாரும் நடிப்பு என்று சொல்லவில்லை. அவ்வளவு அவமானப்படத் தெரிந்த நடிகன் ஊரில் இல்லை. படுக்கையில் புரண்டதாகச் சொன்ன நாளில் ஊசி போட்ட மருத்துவரும் பிறகு வந்து, காரைத் தள்ளிய படத்தின் தேதியோடு அது ஒத்துப்போகிறது என்றார்.

தீர்ப்பு சில வாரங்களில் வந்தது. கடையின் கவனக்குறைவு. மோசடி எதுவும் இல்லை. காரைத் தள்ளிக் காயத்தைத் தானே மோசமாக்கிக்கொண்டதற்காக நஷ்டஈட்டில் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்யலாம் என்றாள் வக்கீலம்மா. "அந்தக் கழிவு சரியான கழிவு," என்று எடைக்கல் மறுத்துவிட்டார். மனுதாரர் தம் காயத்தைப் பெரிதுபடுத்தவில்லை, தம் ஆரோக்கியத்தைத்தான் பெரிதுபடுத்தியிருக்கிறார் என்று நீதிபதி எழுதியிருந்த ஒரு வரியை மைத்துனன் மனப்பாடம் செய்துகொண்டு போகிற வீடெல்லாம் சொன்னான்.

"மோசடிதான் அத்தான். என்னுது கீழ்நோக்கி, உங்களுது மேல்நோக்கி."

"வாயை மூடு," என்றார். வெளியே போ என்று சொல்லவில்லை.

மறுநாள் மாலை எடைக்கல் கைத்தடியை எடுத்துத் துடைத்தார். தேய்த்த சட்டை, துடைத்த காலணி. வாசலில் கொஞ்ச நேரம் நின்று, தெரு முழுக்கத் தன்னைப் பார்க்கப்போவதற்குத் தயாரானார். பிறகு தடியை ஊன்றி, குனிந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தலையை ஆட்டினார். இரண்டு பெண்கள் பேசியபடி அவரைத் தாண்டிப் போனார்கள். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் நடையை உட்கார்ந்து முழுதாகப் பார்த்த ஒரே ஆள் அந்தத் தொப்பிக்காரர்தான். அவரும் அதற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

கோடிக் கடைக்காரர் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"தடி வந்துடுச்சா ஐயா? நல்லதாப் போச்சு. தினமும் நீங்க திரும்பிப் போறப்போ, விழுந்துடுவாரோன்னு எனக்குக் கடையில கையே ஓடாது."

"உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும் ஐயா. கேட்டா உங்களுக்குப் பிடிக்காதேன்னு விட்டுட்டோம்."

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, போகிறவர் வருகிறவர் பார்வை படுகிற இடத்தில் போட்டார். எடைக்கல் தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தும் முதுகு நேராகத்தான் இருந்தது. அதற்கு அவர் ஒன்றும் செய்ய முடியாது.